அறுபத்தொன்றும் நாற்பத்தெட்டும்: ஒரு சர்வர் அறையின் மின்வழியைச் சீர்செய்த பதிவு

எங்கள் சர்வர் அறை சிறியது. இரண்டு ரேக்குகள், அவற்றில் பதினான்கு சர்வர்கள், ஒரு சேமிப்பகப் பெட்டி, இரண்டு மைய சுவிட்சுகள், ஒரு ஃபயர்வால், அவ்வளவுதான். ரேக்குக்கு ஒன்றாக அடித்தட்டில் இரண்டு யூ.பி.எஸ். கருவிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 3 கே.வி.ஏ. திறன் கொண்டது, 0.9 திறன் காரணியில் 2,700 வாட் தரக்கூடியது. எல்லாச் சர்வர்களிலும் இரண்டு பவர் சப்ளைகள் இருப்பதால், ஒன்றை இடது யூ.பி.எஸ். வழியிலும் மற்றொன்றை வலது யூ.பி.எஸ். வழியிலும் செருகிவிட்டால் எந்த ஒரு பக்கம் போனாலும் மற்றொரு பக்கம் தாங்கும் என்பதே இந்த அறையை அமைத்தவர்களின் எண்ணம். நான் பொறுப்பேற்றபோது என்னிடம் தரப்பட்ட வரைபடமும் அப்படித்தான் காட்டியது. அந்த வரைபடத்தை மூன்று ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

இடது யூ.பி.எஸ்.ஸில் பேட்டரியை மாற்றச் சொல்லும் விளக்கு ஒரு நாள் எரியத் தொடங்கியது. வேலை எளிதாகவே தோன்றியது. விடுமுறை நாள் காலையில் இடது யூ.பி.எஸ்.ஸை அணைத்து, எல்லாச் சுமையையும் வலது பக்கத்தின் மேல் விட்டு, பேட்டரிப் பெட்டியை வெளியே இழுத்து, புதியவற்றைப் பொருத்தி, இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்பிவிடலாம் என்று கணக்கிட்டேன். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியை மாற்றலாம் என்று அதன் கையேடு சொல்கிறது. ஆனால் எங்கள் பேட்டரிப் பெட்டியின் இணைப்பான் ரேக்கின் பின்புறம் ஆழத்தில் இருந்தது. அதை எட்ட வேண்டுமானால் யூ.பி.எஸ்.ஸையே முன்னால் நகர்த்த வேண்டும். மின்சாரம் ஓடும் வெளியீட்டு வயர்களோடு நாற்பது கிலோவுக்கு மேலான ஒரு பெட்டியை இழுக்க எனக்கு மனமில்லை. அணைத்துவிட்டுச் செய்வதே பாதுகாப்பு என்று முடிவெடுத்தேன்.

அணைப்பதற்கு முன் இரண்டு கருவிகளின் முகப்பிலும் இருந்த சுமை அளவைக் குறித்துக்கொண்டேன்: இடது 61 விழுக்காடு, வலது 48 விழுக்காடு. இரண்டு எண்களும் அருகருகே என் குறிப்பேட்டில் இருந்தன. அவற்றைக் கூட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை என்பதை இப்போது எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. காலை 6.40க்கு இடது யூ.பி.எஸ்.ஸின் வெளியீட்டை நிறுத்தினேன். சர்வர்களின் விசிறிகள் ஒரு கணம் குரல் மாறின. வலது யூ.பி.எஸ்.ஸின் காட்டி 48இலிருந்து 92க்கு ஏறி நின்றது. உயரம்தான், ஆனால் நூறுக்குள் இருக்கிறதே என்று மூச்சு விட்டேன். அரை நிமிடம் கழித்துத்தான் அறையின் ஓசை வழக்கத்தைவிடக் குறைவாக இருப்பது காதில் பட்டது. இரண்டு சர்வர்கள் முற்றிலும் அணைந்திருந்தன. மேல் மைய சுவிட்சும் இருட்டாக இருந்தது.

பதற்றத்தில் நான் செய்தது முதல் தவறைவிடப் பெரிய தவறு. அணைந்த மூன்றின் வயர்களையும் இடது மின்பகிர்வுப் பட்டையிலிருந்து பிடுங்கி வலது பட்டையில் செருகினேன். தொடக்க நிலையில் சர்வர்கள் தங்கள் விசிறிகளை முழு வேகத்தில் சுழலவிடும். வட்டுகள் அனைத்தும் ஒன்றாகச் சுழலத் தொடங்கும். காட்டி 114ஐத் தொட்டது; எச்சரிக்கை ஒலி விடாமல் அடித்தது. ஒரு நிமிடத்துக்குள் வலது யூ.பி.எஸ். தன் இன்வெர்ட்டரைக் காத்துக்கொள்ள பைபாஸ் நிலைக்குத் தாவிவிட்டது. அதாவது, அறையிலுள்ள அத்தனை கருவிகளும் அந்தக் கணம் முதல் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நேரடியாகத் தெரு மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சிமிட்டல் வந்திருந்தால் எல்லாமே போயிருக்கும். பழுதான பேட்டரியோடாவது இருக்கட்டும் என்று இடது யூ.பி.எஸ்.ஸை மீண்டும் இயக்கி, சுமையைப் பிரித்துக் கொடுத்து, வலது கருவி பைபாஸிலிருந்து திரும்பும்வரை இருபத்தைந்து நிமிடங்கள் ஆயின.

எழாத சர்வர்கள்

அணைந்த இரண்டு சர்வர்களும் மெய்நிகர் கணினிகளை, அதாவது மென்பொருளாலேயே உருவான கணினிகளை, தாங்கும் சர்வர்கள். கணினிப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் எங்கள் முதன்மை டி.என்.எஸ். ஒன்றிலும், அதற்குத் துணையான டி.என்.எஸ். மற்றொன்றிலும் இருந்தது. தனித்தனிச் சர்வர்களில் வைத்தது சரியான முடிவுதான். ஆனால் அந்த இரண்டு சர்வர்களும் ஒரே பக்கத்து மின்சாரத்தை உண்டு வந்தன. மின்சாரம் திரும்பிய பிறகும் மெய்நிகர் கணினிகள் எழவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. சேமிப்பகப் பெட்டியைச் சர்வர்கள் அதன் பெயரைக் கொண்டு தேடின. பெயருக்கு முகவரி சொல்ல வேண்டியது டி.என்.எஸ்.; அந்த டி.என்.எஸ். கணினியின் வட்டோ அதே சேமிப்பகப் பெட்டிக்குள் இருந்தது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. இரண்டு சர்வர்களிலும், பெயருக்கு நேரே முகவரி எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சேமிப்பகத்தின் ஐ.பி. முகவரியைக் கையால் எழுதிய பிறகே வட்டுகள் இணைந்தன. அந்த வரிகள் இன்றும் அங்கேயே இருக்கின்றன, இனி இருக்கவும் வேண்டும்.

அதன் பிறகும் ஒரு சர்வர் பயனர் நுழைவை ஏற்கவில்லை. அதன் தாய்ப்பலகையில் உள்ள சி.ஆர். 2032 நாணய பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருந்தது. அது 3 வோல்ட் தர வேண்டியது, அளந்தபோது 1.1 இருந்தது. பவர் சப்ளையில் மின்சாரம் இருக்கும்வரை இந்தக் குறை வெளியே தெரியாது. வயரை முழுவதும் பிடுங்கிய அன்றுதான் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பியது. நுழைவைச் சரிபார்க்கும் கெர்பராஸ் நெறிமுறையின்படி இயல்பான அமைப்பில் இரண்டு கணினிகளின் நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் நுழைவு மறுக்கப்படும். எங்களுக்கோ ஆண்டுக் கணக்கில் விலகியிருந்தது. நேரத்தைத் திருத்த வேண்டிய என்.டி.பி. சர்வரையும் நாங்கள் பெயரால்தான் குறிப்பிட்டிருந்தோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2021 அக்டோபர் 4ஆம் நாள் ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கியபோதும் சிக்கலின் வடிவம் இதுவே. பராமரிப்புப் பணியில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது; அதனால் டி.என்.எஸ். சர்வர்களை எந்த வழியில் அடையலாம் என்று இணையத்துக்குச் சொல்லும் பி.ஜி.பி. அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. பழுதைச் சரிசெய்யப் பொறியாளர்களுக்குத் தேவைப்பட்ட உள்கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்தன. அவ்வளவு பெரிய இடத்துக்கே இப்படி என்று ஆறுதல் தேடவில்லை. இரண்டு ரேக்குகள் இருந்தாலே இந்த வலையில் சிக்கிக்கொள்ளலாம் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

கூட்டல் கணக்கு

மறுநாள் எங்கள் மின்பணியாளரிடம் நடந்ததைச் சொன்னேன். என்னைவிட இருபது வயது மூத்தவர், கணினிகளைப் பற்றி அதிகம் பேசாதவர். குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அன்னைக்கு ரெண்டையும் கூட்டிப் பாத்தீங்களா தம்பி?" 61உம் 48உம் சேர்ந்தால் 109. வாட் கணக்கில் 2,943. ஒரு யூ.பி.எஸ். தரக்கூடியது 2,700. இரட்டை மின்வழி என்று நாங்கள் பெருமையோடு சொல்லிவந்த ஏற்பாடு, எந்த ஆண்டு எந்தச் சர்வரைச் சேர்த்த அன்றோ, சத்தமில்லாமல் செத்துப்போயிருந்தது.

இதில் உள்ள பொறி நுட்பமானது. இரண்டு பவர் சப்ளை கொண்ட சர்வர் தன் சுமையை ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். எனவே ஒவ்வொரு யூ.பி.எஸ்.ஸும் எப்போதும் தான் சுமக்க வேண்டியதில் பாதியைத்தான் காட்டுகிறது. புதிதாகச் சர்வர் சேர்க்க வருபவர் காட்டியைப் பார்க்கிறார். 61 இருக்கிறது, இன்னும் 39 மீதி இருக்கிறது என்று நினைத்துச் செருகிவிட்டுப் போகிறார். உண்மையில் மீதி எப்போதோ தீர்ந்துவிட்டது. முழுத் திறனில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வைத்துக்கொண்டால், அமைதியான நாளில் ஒவ்வொரு பக்கமும் 40ஐத் தாண்டவே கூடாது. இந்த எண்ணைப் பெரிதாக அச்சிட்டு இரண்டு கருவிகளின் முகப்பிலும் ஒட்டியிருக்கிறேன். எச்சரிக்கை மென்பொருளிலும் இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி வரம்பு வைத்திருந்ததை மாற்றி, இரண்டின் கூட்டுத்தொகைக்கு ஒரு வரம்பு வைத்தேன்.

அடுத்தது, எந்த வயர் எங்கே போகிறது என்ற கணக்கெடுப்பு. எங்கள் ரேக்குகளில் உள்ள பி.டி.யு. என்னும் மின்பகிர்வுப் பட்டைகள் அளவு காட்டாத பழைய வகை. ஒவ்வொரு வயராகக் கையால் பின்தொடர்ந்து, இரு முனைகளிலும் எண் எழுதி, இடையில் ஒரு வாட்மீட்டரைப் பொருத்தி அளந்தோம். முப்பத்தொரு வயர்கள், இரண்டு மாலைப் பொழுதுகள். அணைந்த இரண்டு சர்வர்களின் கதையும் அப்போது தெரிந்தது. ஒன்றில் இரண்டு வயர்களும் இடது பட்டையின் அடுத்தடுத்த துளைகளில் இருந்தன. அவசரத்தில் யாரோ கைக்கு எட்டிய இடத்தில் செருகியிருக்க வேண்டும். மற்றொன்று என்னைச் சற்று நேரம் பேச்சற்றவனாக்கியது. அதன் இரண்டு பவர் சப்ளைகளிலும் வயர் இருந்தது, இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் அந்த இரண்டு வயர்களும் அரை மீட்டர் கீழே, கேபிள் கட்டுக்குள் புதைந்த இடத்தில், ஒய் வடிவில் ஒன்றாகச் சேர்ந்து ஒரே முனையாக இடது பட்டையில் முடிந்தன. பச்சை விளக்கு சொல்வது பவர் சப்ளைக்கு மின்சாரம் வருகிறது என்பதை மட்டுமே. எங்கிருந்து வருகிறது என்பது அதற்குத் தெரியாது.

மேல் மைய சுவிட்சில் இரண்டாவது பவர் சப்ளைக்கான இடம் வெற்றுத் தகடு போட்டு மூடப்பட்டிருந்தது. அந்தப் பவர் சப்ளையை வாங்கிப் பொருத்தியதோடு அந்தக் குறை தீர்ந்தது. மேலும் ஆறு வயர்கள் துளையில் முழுதாக உட்காராமல் பாதி வெளியே நின்றன. இந்த வகைச் செருகிகளில் பூட்டு கிடையாது. பக்கத்து வயரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் இவை ஒரு மயிரிழை நகர்ந்து நகர்ந்து ஒரு நாள் கழன்றுவிடும். இறுகப் பிடிக்கும் வயர்களாக மாற்றினோம். இடது வழிக்குச் சிவப்பு வயர், வலது வழிக்கு நீல வயர் என்று எல்லாவற்றையும் மாற்றியதால், இப்போது ரேக்கின் பின்னால் நின்று ஒரு பார்வை பார்த்தாலே ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சிவப்பும் ஒரு நீலமும் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். லேபிள் பொய் சொல்லும்; "அஞ்சல்-2" என்று இரு முனையிலும் எழுதியிருந்த ஒரு வயர், அந்தப் பெயரில் சர்வரே இல்லாமல் போன பிறகும் வேறொன்றுக்கு உழைத்துக்கொண்டிருந்தது. நிறம் அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது.

யாருடையது என்று தெரியாத சர்வர்கள்

சுமையைக் குறைக்காமல் பேட்டரி வேலையைத் தொட முடியாது. வாட்மீட்டர் கணக்கில் மூன்று பழைய சர்வர்கள் மட்டும் 640 வாட்டை விழுங்கிக்கொண்டிருந்தன. மூன்றின் வேலை என்ன என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அணைத்துவிடலாமா என்று கேட்டால் எல்லாருக்கும் தயக்கம். இத்தகைய சர்வர்களை உடனே அணைப்பதில்லை என்பது என் வழக்கம். பல ஆண்டுகள் ஓடிய பழைய வட்டுகள் ஒரு முறை நின்று குளிர்ந்துவிட்டால் மறுபடி சுழலாமல் போகக்கூடும். எனவே சுவிட்சில் அவற்றின் போர்ட்டுகளை மட்டும் மூடி, யாராவது கத்துகிறார்களா என்று காத்திருந்தேன். கத்தல் வந்தால் ஒரு கட்டளையில் போர்ட்டைத் திறந்துவிடலாம்.

முதல் இரண்டு வாரங்கள் ஒன்றும் நிகழவில்லை. ஆனாலும் மாத இறுதியைத் தாண்டாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்று காத்திருந்தது நல்லதாயிற்று. இருபத்தொன்பதாம் நாள் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். மாதாந்திர அறிக்கை ஒன்று தானாக உருவாகவில்லை என்றார். மூன்றில் ஒரு சர்வர் மாதத்துக்கு ஒரு முறை, நான்கு நிமிடங்கள் மட்டும் உழைப்பதற்காக முப்பது நாளும் 210 வாட் எரித்துக்கொண்டிருந்தது. அந்த வேலையை ஒரு சிறிய மெய்நிகர் கணினிக்கு மாற்றிவிட்டு மூன்றையும் அணைத்தோம். இன்னும் இரண்டு சர்வர்களின் பணியை ஒன்றாக்கியதில் மேலும் 300 வாட் குறைந்தது. மொத்தச் சுமை 2,003 வாட் ஆயிற்று, ஒரே யூ.பி.எஸ். மேல் விழுந்தாலும் 74 விழுக்காடுதான்.

பேட்டரிப் பெட்டிக்குள்

இப்போது வலது பக்கம் தாங்கும் என்ற துணிவோடு இடது யூ.பி.எஸ்.ஸின் பேட்டரிப் பெட்டியைத் திறந்தோம். தொடராக இணைக்கப்பட்ட எட்டு 12 வோல்ட் ஈய அமில பேட்டரிகள். மின்னேற்ற நிலையில் தொடரின் மொத்த மின்னழுத்தத்தை அளந்தேன்: 109.2 வோல்ட். புத்தகக் கணக்குப்படி எட்டு பேட்டரிக்குத் தலா 13.65 வீதம் மிகச் சரியான அளவு. யூ.பி.எஸ். பார்ப்பதும் இந்த மொத்தத்தை மட்டுமே. பிறகு ஒவ்வொன்றாக அளந்தபோது ஏழு பேட்டரிகள் 14.0 வோல்ட்டை ஒட்டியும், எட்டாவது 11.2 வோல்ட்டிலும் இருந்தன. எட்டாவதில் ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிச் செத்துவிட்டது. அது சுமக்காத மின்னழுத்தத்தை மற்ற ஏழும் பங்கிட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் அளவுக்கு மீறி மின்னேறி, வெந்துகொண்டிருந்தன. மொத்தம் சரியாக இருந்ததே கெடுதலை மறைத்திருந்தது.

வாரந்தோறும் தானாக நடக்கும் சுயசோதனை இதைப் பிடிக்காததற்குக் காரணம், அது பத்து நொடிகளில் முடிந்துவிடுவது. உண்மை நிலையை அறிய, ஒரு காலையில் இடது யூ.பி.எஸ்.ஸுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கடிகாரமும் மீட்டருமாக நின்றோம். முகப்பு 14 நிமிடம் தாங்கும் என்று காட்டியது. இரண்டு நிமிடம் நாற்பது நொடியில் தொடரின் மின்னழுத்தம் 84 வோல்ட்டுக்கு இறங்கியது. பேட்டரிக்கு 10.5 வோல்ட் என்ற கீழெல்லைக்கு அந்த அளவு சமம் என்பதால் உடனே மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தோம்.

பழையவற்றை வெளியே எடுப்பது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. மூன்று பேட்டரிகள் வயிறு உப்பி, தகரப் பெட்டியின் சுவர்களோடு இறுகியிருந்தன. நெம்புகோல் போட்டு எடுக்கும் ஆசையை மின்பணியாளர் தடுத்து, பெட்டியின் பக்கத் தகட்டையே திருகு கழற்றிப் பிரித்தார். இந்த வேலைக்கு முன் அவர் என் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைக்கச் சொன்னதோடு, ஸ்பேனரின் கைப்பிடி முழுவதும் மின்காப்பு நாடா சுற்றினார். யூ.பி.எஸ். அணைந்திருந்தாலும் பேட்டரித் தொடர் அணைவதில்லை; நூறு வோல்ட்டை ஒட்டிய நேர்மின்சாரம் எப்போதும் அங்கே காத்திருக்கிறது. எனவே தொடரின் நடுவிலுள்ள ஓர் இணைப்பை முதலில் பிரித்து அதை இரண்டு பாதியாக்கிவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட்டோம். எட்டையும் ஒன்றாக மாற்றினோம். கெட்ட ஒன்றை மட்டும் மாற்றினால், பழையவற்றோடு சேர்ந்த புதியது சில மாதங்களில் அதே கதிக்கு வரும். வலது பக்கத்தவையும் அதே நாளில் வாங்கப்பட்டவை என்பதால் மறுவாரம் அவற்றையும் மாற்றிவிட்டோம்.

இவை மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்க வேண்டியவை; எங்களுடையவை இருபத்தாறு மாதங்களில் போய்விட்டன. ஈய அமில பேட்டரிக்கு ஏற்ற வெப்பநிலை 20 முதல் 25 பாகை செல்சியஸ். அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும். அறையின் சுவரிலுள்ள வெப்பமானி எப்போதும் 22 காட்டியதால் வெப்பத்தை நான் சந்தேகிக்கவே இல்லை. பேட்டரிப் பெட்டியின் முகப்பில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்ட பிறகுதான் அங்கே 33 இருப்பது தெரிந்தது. பெட்டிக்கு நேர் மேலே, ஐந்து யூனிட் உயரத்துக்கு ரேக் வெறுமையாக இருந்தது. சர்வர்கள் பின்னால் தள்ளும் சூடான காற்று அந்த ஓட்டை வழியாக முன்புறம் திரும்பி வந்து, யூ.பி.எஸ். விசிறியால் மறுபடி உள்ளே இழுக்கப்பட்டது. காரணம் இதுதானா என்று உறுதிசெய்ய ஒரு மாலை மட்டும் அட்டையை வெட்டி அடைத்துப் பார்த்தேன்; ஒரு மணி நேரத்தில் 33இலிருந்து 26க்கு இறங்கியது. அட்டை தீப்பற்றும் பொருள் என்பதால் அன்றே எடுத்துவிட்டு, முறையான மூடு தகடுகளைப் பொருத்தினோம். ஒரு யூனிட் என்பது 44.45 மில்லிமீட்டர், ஐந்து மலிவான பிளாஸ்டிக் தகடுகள் பல மடங்கு விலையுள்ள பேட்டரிகளைக் காப்பாற்றியிருக்கும். சர்வர்களுக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 பாகைக்குள் இருக்க வேண்டும் என்று ஆஷ்ரே என்ற குளிர்சாதனப் பொறியாளர்கள் அமைப்பு பரிந்துரைக்கிறது. அதில் நான் கவனிக்கத் தவறிய சொல் "நுழையும்" என்பது. அறையின் வெப்பநிலை வேறு, கருவி மூச்சிழுக்கும் இடத்தின் வெப்பநிலை வேறு.

ஓர் ஃபைபர் இழை

மின்வழியில் சூடு பட்ட பிறகு, இரட்டையாக இருக்கும் எதையும் பார்த்தால் ஒன்றைப் பிடுங்கிப் பார்க்கத் தோன்றியது. அறையிலிருந்து அடுத்த கட்டடத்துக்கு 10 கிகாபிட் வேகத்தில் இரண்டு ஒற்றைமுறை ஃபைபர் இணைப்புகள், ஒரே கட்டாகச் சேர்த்து இயங்குகின்றன. முதல் இணைப்பைப் பிடுங்கினேன். இரண்டாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அடுத்த கட்டடத்தில் எல்லாருடைய வேலையும் நத்தையாயிற்று. முதலாவதைத் திரும்பச் செருகிவிட்டு இரண்டாவதின் பிழை எண்ணியைப் பார்த்தேன்; நொடிக்கு நொடி ஏறிக்கொண்டிருந்தது. அங்கே வந்து சேரும் ஒளியின் அளவு மைனஸ் 13.9 டி.பி.எம். (ஒளியின் வலிமையை மடக்கை அளவில் சொல்லும் அலகு). இந்த வகை ஒளியேற்பிக்கான கீழெல்லை மைனஸ் 14.4.

இது பல மாதப் புதிர் ஒன்றையும் அவிழ்த்தது. அந்தக் கட்டடத்தில் சிலர் மட்டும், அதுவும் சில சேவைகளைப் பற்றி மட்டும், இணைப்பு மெதுவாக இருப்பதாகச் சொல்லி வந்தனர். பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு குறையும் இராது. கட்டாகச் சேர்த்த இணைப்பில் ஒவ்வொரு உரையாடலும் இரு முனை முகவரிகளைக் கொண்டு ஏதாவது ஓர் இழைக்கு ஒதுக்கப்படும். அங்கிருந்து அது மாறாது. நல்ல இழை கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. மற்றவர்களிடம் "உங்கள் கணினியை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எண்ணவில்லை.

இரு முனைகளிலும் ஒளிமூலத்தைக் கழற்றி, ஃபைபர் நுண்ணோக்கியில் முனையைப் பார்த்தோம். வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது. அதில் வரும் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். திரையில் ஒரு விரல் ரேகையின் எண்ணெய்ப் படலம், மழைக்காலத்துச் சேற்றுத் தடம்போலக் கிடந்தது. ஒளி செல்லும் மையம் 9 மைக்ரான் அகலம்தான்; அதன் முன்னால் அந்தப் படலம் ஒரு மலை. உலர் துப்புரவுப் பேனாவை இரண்டு முறை அழுத்தியதும் மையம் பளிச்சென்று தெரிந்தது. திரும்பச் செருகியபோது மைனஸ் 5.2. மடக்கை அளவில் சிறிய மாற்றம்போலத் தோன்றினாலும், வந்து சேரும் ஒளி ஏழு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. பிழை எண்ணி அன்றிலிருந்து நகரவில்லை. முழு வேலைக்கும் ஆன நேரம் பத்து நிமிடம்.

இறுதிச் சோதனை

எல்லாம் முடிந்து, மற்றொரு விடுமுறை நாள் காலை 6.10க்கு, பயனர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, இடது யூ.பி.எஸ்.ஸை மறுபடி அணைத்தோம். இம்முறை யார் எந்தச் சர்வரைப் பார்ப்பது, எந்த எண்ணைத் தாண்டினால் சோதனையை நிறுத்துவது என்றெல்லாம் ஒரு தாளில் எழுதி ரேக்கின் கதவில் ஒட்டியிருந்தோம். விசிறிகள் ஒரு கணம் குரல் மாறின. வலது பக்கக் காட்டி 76க்கு ஏறி நின்றது. கணக்கில் 74, ஒரே பவர் சப்ளை முழுச் சுமையையும் ஏற்கும்போது அதன் இழப்புச் சற்று மாறுவதால் வந்த வேறுபாடாக இருக்கலாம். எந்தச் சர்வரும் அணையவில்லை. இரண்டு சுவிட்சுகளும் விழித்திருந்தன. டி.என்.எஸ். கேட்டதற்குப் பதில் சொன்னது. மின்சாரம் முழுவதும் போய்த் திரும்பும் நாளில் எல்லாம் ஒரே கணத்தில் எழுந்து மறுபடி 114ஐத் தொடாமலிருக்க, ஒவ்வொரு சர்வரின் பயாஸ் என்னும் தொடக்க மென்பொருளிலும் தொடக்கத் தாமதத்தை முன்பே மாற்றியிருந்தோம்: முதலில் சேமிப்பகம், பிறகு டி.என்.எஸ். உள்ள சர்வர்கள், கடைசியில் மற்றவை.

பதினொரு நிமிடங்கள் கடந்த பிறகு மின்பணியாளர் தன் கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, எச்சரிக்கைக் குறுஞ்செய்தி இன்னும் வரவில்லையே என்றார். இடது யூ.பி.எஸ். அணைந்தால் இரண்டு நிமிடத்துக்குள் எங்கள் இருவருக்கும் செய்தி வந்திருக்க வேண்டும். ரேக்கின் உச்சியில் இருக்கும் கண்காணிப்புப் பெட்டியைப் பார்த்தோம்; இருட்டாக இருந்தது. ஒற்றை அடாப்டரில் ஓடும் சிறிய கருவி என்பதால் எங்கள் முப்பத்தொரு வயர்களின் கணக்கில் அது சேரவில்லை. அடாப்டர் இடது பட்டையில் இருந்தது. ஒரு பக்கம் போனால் மறுபக்கத்துக்குத் தானாக மாறும் சிறிய மாற்றுப் பெட்டி ஒன்றை வாங்கி, அதை முப்பத்திரண்டாவதாகக் குறித்து, அதன் வழியாக இப்போது இணைத்திருக்கிறோம். அடுத்த சோதனையில் வலது யூ.பி.எஸ்.ஸை அணைக்கப் போகிறோம். இதுவரை நாங்கள் அணைத்துப் பார்த்ததெல்லாம் இடதை மட்டும்தான்.